மொஹாவே பாலைவனம் வழியே லாஸ் வேகஸ் மாநாட்டுக்கு: வாடகை மின்கார் பற்றிய ஒரு மதிப்பீடு

லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து லாஸ் வேகஸுக்கு விமானத்தில் சென்றால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகும். அப்படியிருக்கச் சுமார் 270 மைல் தொலைவைப் பாலைவனத்தின் குறுக்கே தனி ஆளாகக் கார் ஓட்டிக்கொண்டு போவானேன் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் உள்ள பதில் பேட்டரிகள்தாம். ஜனவரி தொடக்கத்தில் லாஸ் வேகஸில் நடக்கும் சி.இ.எஸ். மின்னணுக் கண்காட்சிக்கும் அதையொட்டிய கருத்தரங்குகளுக்கும், செயல்விளக்கத்துக்கான கருவிகளையும் அவற்றுக்குரிய உதிரி லித்தியம் பேட்டரிகளையும் எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது. உதிரி லித்தியம் பேட்டரிகளை விமானத்தின் சரக்குப் பெட்டிகளில் வைக்க அனுமதியில்லை. கைப்பையில் வைப்பதானாலும் 100 வாட்-மணி கொள்ளளவுக்கு மேற்பட்டவற்றுக்கு விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், 160 வாட்-மணியைத் தாண்டினால் பயணிகள் கொண்டுசெல்லவே முடியாது. ஆகவே ஹுண்டாய் அயோனிக் 5 மின்காரை வாடகைக்கு எடுத்து இன்டர்ஸ்டேட் 15 நெடுஞ்சாலையில் சென்றேன். கார் மிக நன்று, வழியில் உள்ள மின்னேற்ற நிலையங்கள் போதுமானவை, வாடகை ஏற்பாடுதான் இம்மூன்றில் பலவீனமானது என்பது என் முடிவு. அந்தப் பலவீனத்தை முன்கூட்டியே அறிந்துகொண்டால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம் என்பதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

அயோனிக் 5 தமிழ்நாட்டு வாசகர்களுக்குப் புதிய பெயரன்று. 2023ஆம் ஆண்டு தொடக்கத்தில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த இந்தக் கார் சென்னைக்கு அருகிலுள்ள ஹுண்டாய் ஆலையிலேயே பாகங்களைப் பொருத்தித் தயாரிக்கப்பட்டது. ஆனால் இந்தியாவில் வந்த மாடலின் பேட்டரி 72.6 யூனிட் கொள்ளளவு கொண்டது. அமெரிக்காவில் 2024 வரை விற்ற நீண்டதூர மாடலில் 77.4 யூனிட் பேட்டரி இருந்தது. 2025ஆம் ஆண்டு மாடலில் அது 84 யூனிட்டாக உயர்ந்து, டெஸ்லா மின்னேற்றிகளுக்குரிய துளையும் காரிலேயே அமைந்துவிட்டது. வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பழைய மாடல்களாகவே இருக்கும். அவற்றிலும் பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் வகை முழு சார்ஜில் 303 மைல் செல்லும் என்றும், நான்கு சக்கரங்களும் இயங்கும் வகை ஏறத்தாழ 260 மைல் செல்லும் என்றும் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணித்திருக்கிறது. பனி விழாத சாலையில் ஒருவர் மட்டும் செல்வதற்கு நான்கு சக்கர இயக்கம் தேவையில்லை. கவுண்டரில் அதை உயர்தர வகை என்று சொல்லிக் கூடுதல் விலைக்குத் தர முன்வந்தாலும் மறுத்துவிடுவதே நல்லது, ஏனெனில் அந்த 40 மைல் வித்தியாசம் பாலைவனத்தில் ஒரு நிறுத்தத்தின் மதிப்புடையது.

வாடகை நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. வேறு நிறுவனங்களில் எடுத்த நண்பர்கள் சொன்னதும் ஏறத்தாழ இதே கதைதான். முன்பதிவில் ஒரு குறிப்பிட்ட மாடலின் படம் இருந்தாலும், அதனடியில் சிறிய எழுத்தில் அதையொத்த வேறு கார் தரப்படலாம் என்ற வாசகமும் இருக்கும். பெட்ரோல் காரில் அது பெரிய விஷயமில்லை. மின்காரிலோ ஒரு மாடலுக்கும் அதையொத்ததாகச் சொல்லப்படும் இன்னொன்றுக்கும் இடையே மின்னேற்றும் வேகம் இரண்டு மடங்குகூட மாறுபடும். கேட்ட கார்தான் எனக்குக் கிடைத்தது, ஆனால் முக்கால் பங்கு சார்ஜ்கூட அதில் இல்லை. இந்தக் காரைத் திருப்பித் தரும்போது எவ்வளவு சார்ஜ் இருக்க வேண்டும், குறைந்தால் என்ன கட்டணம் என்ற கேள்விக்குக் கவுண்டரில் இருந்தவர் ஒரு பதிலும், ரசீது வேறொரு பதிலும் சொன்னது. டெஸ்லா நிலையங்களில் பயன்படுத்துவதற்கான இணைப்பான் காரிலேயே இருக்கும் என்று முன்பதிவில் இருந்தது, காரில் இல்லை. கிளம்பும் முன்பே பின்பெட்டியைத் திறந்து அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வாகனம் வளாகத்தை விட்டு வெளியேறிய பிறகு அதைப்பற்றிப் பேச ஆளில்லை.

இந்தியாவிலிருந்து நேரே மாநாட்டுக்கு வருகிறவர்கள் காப்பீட்டையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் வசிப்பவர்களின் சொந்தக் கார்க் காப்பீடு பெரும்பாலும் வாடகைக் காருக்கும் பொருந்தும். வெளிநாட்டவருக்கு அந்த வசதி கிடையாது, கடன் அட்டை தரும் காப்பீடோ வழக்கமாகக் காரின் சேதத்தோடு நின்றுவிடும். மற்றவருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும் காப்பீட்டின் கட்டாயக் குறைந்தபட்ச அளவைக் கலிபோர்னியா 2025 ஜனவரி முதல் உயர்த்தியிருந்தாலும், ஒருவருக்கு ஏற்படும் உடற்காயத்துக்கு 30,000 டாலர் என்ற அந்த உயர்த்தப்பட்ட அளவுகூட அந்நாட்டு மருத்துவமனைச் செலவுக்கு முன் மிகச் சிறியது. வாடகைத் தொகையைக் குறைக்க வேண்டுமென்று, மற்றவருக்கு நேரும் இழப்புக்கான கூடுதல் காப்பீட்டைத் தவிர்ப்பது புத்திசாலித்தனமன்று.

சாலைக்கு வருவோம். லாஸ் ஏஞ்சல்ஸ் பெருநகரின் நெரிசலை விட்டு வெளியே வருவதற்கே சில நாட்களில் இரண்டு மணி நேரம் ஆகிவிடும், அதைப்பற்றிச் சொல்லப் புதிதாக ஒன்றுமில்லை. சான் பெர்னார்டினோவுக்கு அப்பால் கஹோன் கணவாயில் சாலை கடல்மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேல் ஏறுகிறது. கடலோரக் கலிபோர்னியா அங்கே முடிந்து மொஹாவே பாலைவனம் தொடங்குகிறது. ஏற்றத்தில் சார்ஜ் அளவு கண்ணெதிரே சரிவதைப் பார்த்து மின்காருக்குப் புதியவர்கள் கலங்கிவிடுவார்கள். கணவாயைத் தாண்டியதும் பார்ஸ்டோ வரை நிலம் மெல்ல இறங்கிக்கொண்டே போவதால் மீதமுள்ள தூரத்தைப் பற்றிய காரின் கணிப்பு தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். ஏற்றத்தின் நடுவில் திரையில் தெரியும் எண்ணை நம்பி வழியில் எங்காவது நிறுத்தி மின்னேற்றத் தேவையில்லை.

முதல் நிறுத்தம் பார்ஸ்டோ. பழைய ரூட் 66 சாலையின் ஊர்களில் ஒன்றான இது, இன்று இன்டர்ஸ்டேட் 15உம் 40உம் சந்திக்கும் இடம். நெடுஞ்சாலை 40 இங்கே தொடங்கி நாட்டின் மறுகரையிலுள்ள வட கரோலைனாவின் வில்மிங்டன் வரை போகிறது. அந்த ஊருக்கு 2,554 மைல் என்று ஒரு பலகை இங்கே நிற்பதுண்டு. மின்னேற்றுவதற்கும் சாப்பிடுவதற்கும் பார்ஸ்டோ வசதியானது, அழகை எதிர்பார்க்கக் கூடாது. அயோனிக் 5 காரின் உண்மையான பலம் இங்கேதான் தெரிகிறது. 800 வோல்ட் அமைப்பு கொண்ட இந்தக் காரை 350 கிலோவாட் மின்னேற்றியில் இணைத்தால் 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு 18 நிமிடங்களில் ஏறும் என்று நிறுவனம் சொல்கிறது, அதாவது ஏறத்தாழ 54 யூனிட். கழிப்பறைக்குப் போய்வந்து, காப்பி வாங்கி, மறுநாள் பேச்சுக்கான படங்களை ஒருமுறை புரட்டிப் பார்ப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

ஆனால் இந்த 18 நிமிடக் கணக்குக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு, வாடகைக்கு எடுப்பவர்களுக்கு இவற்றை யாரும் சொல்வதில்லை. முதலாவது, பேட்டரி வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஜனவரியில் மொஹாவேயின் இரவுகள் உறைநிலையை நெருங்குகின்றன, குளிர்ந்த பேட்டரி மின்சாரத்தை மெதுவாகத்தான் ஏற்றுக்கொள்ளும். மின்னேற்ற நிலையத்தை அடையும் முன்பே பேட்டரியைச் சூடாக்கிக்கொள்ளும் ஏற்பாடு அயோனிக் 5 காரின் புதிய மாடல்களில் இருக்கிறது, ஆயினும் காரிலேயே உள்ள வழிகாட்டியில் மின்னேற்ற நிலையத்தைச் சேருமிடமாகக் குறித்தால்தான் அது தானாக இயங்கத் தொடங்கும். நம்மில் பலர் செய்வதுபோலக் கைப்பேசியை இணைத்து அதிலுள்ள வரைபடத்தைப் பார்த்து ஓட்டினால், நாம் மின்னேற்றப் போகிறோம் என்பது காருக்கே தெரியாது. இரண்டாவது, மின்னேற்றியின் மின்னழுத்தம். டெஸ்லாவின் தற்போதைய நிலையங்களில் பெரும்பாலானவை 400 வோல்ட் கார்களுக்காக அமைக்கப்பட்டவை. அவற்றில் இந்தக் கார் ஏறத்தாழ பாதி வேகத்திலோ அதற்கும் குறைவாகவோதான் மின்னேறும். 2025 மாடலுக்கு நிறுவனமே அங்கே 30 நிமிடம் என்று குறிப்பிடுகிறது. வேகத்தில் பின்தங்கினாலும், இயந்திரங்கள் எண்ணிக்கையில் அதிகம், பழுதாகிக் கிடப்பது குறைவு என்பதால் பாலைவனத்தில் டெஸ்லா நிலையங்களே நம்பகமான மாற்று ஏற்பாடு. அதனால்தான் அந்த இணைப்பானைப் பற்றி மேலே அவ்வளவு சொன்னேன்.

பணம் செலுத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு மின்னேற்ற நிறுவனத்துக்கும் ஒரு செயலி இருக்கிறது. கடன் அட்டையை நேரடியாக ஏற்கும் கருவி சில இயந்திரங்களில் இருந்தும் இயங்குவதில்லை. வழியில் ஒரு நிலையத்தில் நான்கு இயந்திரங்களில் ஒன்று இருட்டாகவும் இன்னொன்று அட்டையைப் படிக்க மறுத்தும் நின்றதால், செயலியைத் தரவிறக்கி, கணக்குத் தொடங்கி, வங்கி அனுப்பும் கடவு எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. இந்திய வங்கி அட்டை வைத்திருப்பவர்கள் அந்தக் கடவு எண் வெளிநாட்டிலும் தங்கள் கைப்பேசிக்கு வந்து சேருமா என்பதை உறுதிசெய்துகொண்டு, செயலிகளை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பதிவுசெய்து வைத்துக்கொள்வது நல்லது.

பார்ஸ்டோவிலிருந்து 60 மைலுக்குச் சற்று மேலே பேக்கர் என்ற சிற்றூர் இருக்கிறது. மரணப் பள்ளத்தாக்குக்குச் செல்பவர்கள் பிரிந்துபோகும் இடமும் இதுவே. அப்பள்ளத்தாக்கில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 134 பாரன்ஹீட் டிகிரி, அதாவது 56.7 செல்சியஸ், வெப்பத்தின் நினைவாக 134 அடி உயரத்தில் ஒரு வெப்பமானியை 1991இல் இங்கே நிறுவினார்கள். உலகிலேயே உயரமான வெப்பமானி என்று அதற்குப் பெயர். இறங்கிப் பார்க்கும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை, சாலையிலிருந்தே தெரியும். மின்கார் ஓட்டுபவருக்குப் பேக்கரின் முக்கியத்துவம் வேறு. ஊர் ஏறத்தாழ 930 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே புறப்பட்டதும் ஹாலோரன் உச்சியையும், நடுவில் சற்று இறங்கி மீண்டும் ஏறி 4,700 அடிக்கு மேலுள்ள மௌன்டன் பாஸையும் கடக்க வேண்டும். காரும் ஆளும் பெட்டிகளும் சேர்ந்து 2,200 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த எடையை 1,100 மீட்டருக்கு மேல் தூக்குவதற்கு மட்டும் ஏழு யூனிட் வரை தேவைப்படும். பேட்டரியில் அது ஒன்பது சதவீதம். தூரத்துக்கும் வேகத்துக்கும் ஆகும் செலவு இதற்கு மேல். பேக்கரை விட்டுக் கிளம்பும்போது 50 சதவீதமாவது இருந்தால் லாஸ் வேகஸ் வரையுள்ள 95 மைலைப் பற்றிக் கவலையில்லாமல் போகலாம், 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் பேக்கரிலேயே நிறுத்திவிடுவது நல்லது.

இந்த ஏற்றத்தில் பெட்ரோல் கார்களுக்காக ஒரு பலகை உண்டு. எஞ்சின் சூடேறாமலிருக்கக் குளிர்சாதனத்தை அணைக்கச் சொல்லும் பலகை அது. கோடையில் கொதித்துப்போன கார்கள் பானட்டைத் திறந்துவைத்து ஓரத்தில் நிற்பது இங்கே சாதாரணக் காட்சி. மின்காரில் அந்தக் கவலை இல்லை. லாரிகள் முக்கி முனகி ஏறும் சரிவில் சத்தமே இல்லாமல், வேகம் ஒரு மைல்கூடக் குறையாமல் அது ஏறிப்போவதுதான் இந்தப் பயணம் முழுவதிலும் நான் மிகவும் ரசித்த அனுபவம். உச்சியிலிருந்து ஐவன்பா சமவெளிக்கு இறங்கும்போது மோட்டாரே பிரேக்காக வேலைசெய்து, ஏறுகையில் செலவிட்டதில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பித் தருகிறது. ஸ்டீயரிங்குக்குப் பின்னாலுள்ள இரண்டு நெம்புகளைக் கொண்டு அந்தப் பிடிப்பின் அளவைக் கூட்டியும் குறைத்தும் கொள்ளலாம்.

மௌன்டன் பாஸில் சாலைக்கு வடக்கே தெரியும் சுரங்கம் அருமண் தனிமங்களுக்கானது. மின்கார் மோட்டார்களின் நிலைக்காந்தங்களுக்குத் தேவையான நியோடிமியமும் பிரசியோடிமியமும் கிடைக்கும் தாதுவை அமெரிக்கா இங்கிருந்துதான் எடுக்கிறது. அதை நடத்திவந்த மோலிகார்ப் நிறுவனம் 2015இல் திவாலானது, பிறகு எம்.பி. மெட்டீரியல்ஸ் நிறுவனம் அதை மீண்டும் இயக்கியது. அங்கிருந்து இறங்கினால் 2014இல் தொடங்கப்பட்ட ஐவன்பா சூரிய மின்நிலையத்தின் மூன்று கோபுரங்கள் வருகின்றன. ஒவ்வொன்றும் 459 அடி உயரமுள்ளது, சுற்றிலும் பரப்பியிருக்கும் கண்ணாடிகள் வெயிலை அவற்றின் உச்சியில் குவிக்கின்றன. நண்பகலில் அந்த உச்சிகளை நேராகப் பார்க்காமலிருப்பது ஓட்டுநருக்கு நல்லது.

தனியாக ஓட்டுபவருக்குப் பாலைவனத்தில் பெரிய ஆபத்து வெயிலன்று, நேர்க்கோட்டுச் சாலையில் வரும் அயர்ச்சிதான். முன்னே செல்லும் வாகனத்துக்கேற்ப வேகத்தைத் தானே சரிசெய்து, தடத்தின் நடுவில் காரை வைத்திருக்கும் உதவி அமைப்பு அயோனிக் 5 காரில் நன்றாக வேலைசெய்கிறது. கைகளை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்தால் உடனே கண்டிக்கவும் செய்கிறது. பக்கவாட்டிலிருந்து வீசும் காற்றில் காரின் கனம் உதவுகிறது, அசைவு குறைவு. புழுதியைப் பொறுத்தவரை ஒரு குறை உண்டு. அமெரிக்காவில் 2024 வரை விற்ற மாடல்களின் பின்கண்ணாடிக்குத் துடைப்பான் கிடையாது, 2025 மாடலில்தான் அதைச் சேர்த்தார்கள். ஆகவே ஒவ்வொரு நிறுத்தத்திலும் பின்கண்ணாடியைக் கையால் துடைக்க ஒரு துணி வைத்திருக்க வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பேக்கரிலுள்ள மேட் க்ரீக் உணவகத்தில் ஃபலாஃபெல் கிடைப்பதால் சைவர்களுக்குப் பிரச்சினையில்லை. அங்கே ஸ்ட்ராபெரி மில்க் ஷேக்கும் நன்றாக இருக்கிறது. மற்றபடி புளியோதரையைக் கட்டிக்கொண்டு போகும் நம் வழக்கத்தை மிஞ்சிய ஏற்பாட்டை இந்தச் சாலையில் நான் காணவில்லை.

வேகத்தைப் பற்றியும் செலவைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் இந்தச் சாலையின் வேக வரம்பு மணிக்கு 70 மைல். பலர் 80க்கு மேல் போகிறார்கள். 70லிருந்து 80க்கு உயர்த்தினால் காற்றுத் தடை 30 சதவீதம் கூடுகிறது, மின்காரில் அது நேரே சார்ஜில் தெரியும். குளிர்காலத்தில், கதகதப்பூட்டியையும் இயக்கிக்கொண்டு சென்றால் யூனிட்டுக்கு மூன்று மைல் என்று கணக்கிடுவது பத்திரமானது. 270 மைலுக்கு 90 யூனிட்; அதிவேக நிலையங்களில் யூனிட் 55 சென்ட் என்று கொண்டால் ஏறக்குறைய 50 டாலர். அதே தூரத்தை ஒரு கேலனுக்கு 45 மைல் தரும் ஹைபிரிட் காரில், கேலன் 4.50 டாலர் விலையில், 27 டாலரில் கடந்துவிடலாம். வீட்டில் மின்னேற்றிக்கொள்ள வசதியுள்ள சொந்தக்காரருக்கு மின்கார் மலிவு, வாடகைக்கு எடுத்து நெடுஞ்சாலை நிலையங்களை மட்டுமே நம்பியிருப்பவருக்கு மலிவன்று. பணம் மிச்சமாகும் என்று எண்ணி இதை எடுப்பவர்கள் ஏமாற்றமடைவார்கள்.

லாஸ் வேகஸை அடைந்த பிறகு கார் ஒரு சுமை. பெரிய விடுதிகளில் பல, வாகனம் நிறுத்தக் கட்டணம் வாங்குகின்றன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடும் கண்காட்சி வாரத்தில் கார் ஊர்வதைவிட நடப்பதே விரைவு. மாநாட்டு மையத்தின் அரங்குகளுக்கிடையே 2021 முதல் சுரங்கப் பாதையில் கார்கள் ஓடுகின்றன, பெரிய விடுதிகள் வரிசையாக நிற்கும் பிரதான தெருவுக்கு இணையாக மோனோரயிலும் இருக்கிறது. அந்த வாரத்தில் விடுதிகளிலுள்ள மின்னேற்றிகள் காலியாக இருப்பதும் அரிது. எனவே கருவிகளை அரங்கில் இறக்கியதும் காரை லாஸ் வேகஸிலேயே ஒப்படைத்துவிடும் ஒருவழி வாடகையைத்தான் பரிந்துரைப்பேன். அதற்கான கூடுதல் கட்டணத்தையும், காரைச் சும்மா நிறுத்திவைக்கும் நாட்களின் வாடகையையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவுசெய்யலாம்.

காரிலேயே திரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்க்க வேண்டும். வார இறுதியைக் கழித்துவிட்டுத் திரும்பும் கலிபோர்னியர்கள் அனைவரும் அன்று பிற்பகலில் மாநில எல்லையிலுள்ள ப்ரிம் ஊரருகே குவிகிறார்கள். இத்தடத்தின் நெரிசலைக் குறைக்கவென்று நெடுஞ்சாலையின் நடுவிடத்தில் அமையவிருக்கும் அதிவேக ரயிலுக்கு 2024 ஏப்ரலில்தான் பணி தொடங்கியது. நெரிசலில் ஊர்வது மின்காருக்குப் பெரிய செலவு வைப்பதில்லை, ஓட்டுபவரின் பொறுமைக்குத்தான் சோதனை. எல்லையைக் கடந்ததும் கலிபோர்னியாவின் வேளாண் சோதனைச் சாவடி வரும். பழங்களும் செடிகளும் இருந்தால் அங்கே சொல்லிவிட வேண்டும். எலுமிச்சை இனங்களைத் தாக்கும் பூச்சிக்குக் கறிவேப்பிலை இடம் கொடுக்கும் என்பதால் அதற்கும் அம்மாநிலத்தில் கட்டுப்பாடுகள் உண்டு, நண்பர் வீட்டுத் தோட்டத்திலிருந்து பறித்துக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

காரை ஒப்படைக்கும்போது சார்ஜ் அளவும் ஓடிய மைல் கணக்கும் ஒரே படத்தில் தெரியுமாறு திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்வது அவசியம். ஒப்பந்தத்தில் கண்ட அளவுக்கு மேலாகவே சார்ஜுடன் திருப்பித் தந்தும், சில நாட்கள் கழித்து மின்னேற்றக் கட்டணம் என்ற பெயரில் ஒரு தொகை என் அட்டையில் ஏறியிருந்தது. படத்தை அனுப்பிய பிறகு அதைத் திருப்பித் தந்தார்கள். காரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஐந்தில் நான்கரை, வழியிலுள்ள மின்னேற்ற வசதிக்கு மூன்றரை, வாடகைச் சேவைக்கு இரண்டு மதிப்பெண் தருகிறேன்.